தமிழில் மருத்துவம் தந்த சாமுவேல் கிரீன்

நுழையும்முன்

இயற்கை, அறிவியல், உடல்நலம் ஆகியன பற்றிய நூல்கள் இன்று தமிழில் பல கிடைக்கின்றன. சேயாற்றங்கரைக் கலசப்பாக்கத்தில் பயிலும் மாணவரும், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில் பயிலும் மாணவரும் இதயத்தின் இயக்கத்தையும் நுரையீரலின் அமைப்பையும் தமிழிலேயே கற்கின்றனர். மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் சொல்ல இயலுமா என்னும் ஐயம் நிலவிய 19ஆம் நூற்றாண்டில், இயலும் என்று செய்து காட்டியவர் ஓர் அமெரிக்க மருத்துவர். அவருடைய வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் வருகையும்

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார்.

வட்டுக்கோட்டையில் தொடங்கிய அவரது பணி பின்னர் மானிப்பாயில் நிலைபெற்றது. தம்மிடம் வரும் நோயாளரின் துன்பத்தை அவர்தம் சொற்களாலேயே அறிய வேண்டும் என்று கருதித் தமிழ் கற்றார். ஒரு மருத்துவர் எத்துணை உழைத்தாலும் ஊர்கள் அனைத்திற்கும் செல்ல முடியாது. உள்ளூர் இளைஞர்களை மருத்துவர்களாக்குவதே இதற்குத் தீர்வு எனக் கண்ட அவர், 1848இல் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். தொடக்கத்தில் அவ்வகுப்பு ஆங்கிலத்தில் நடைபெற்றது.

எல்லாருக்குமான முதல் நூல்

கிரீன் தமிழுக்குக் கொணர்ந்த முதல் நூல், கால்வின் கட்டர் என்பவர் எழுதிய உடல்நூலாகும். அது மருத்துவருக்காக மட்டும் எழுதப்பட்டதன்று; பள்ளிகளிலும் இல்லங்களிலும் படிப்பதற்காக எழுதப்பட்டது. உடலுறுப்புகளின் அமைப்பு, அவற்றின் செயல், அவற்றைப் பேணும் முறை ஆகிய மூன்றையும் அது விளக்கியது. இதன் தமிழாக்கம் 1852இல் வெளிவந்தது. அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்பது அதன் பெயர்.

இப்பெயர் இன்று நமக்குக் கடினமாகத் தோன்றலாம். அங்காதிபாதம் என்பது உடற்கூற்றியல். சுகரணம் என்பது உடலியங்கியல். உற்பாலனம் என்பது நலம் பேணல். நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட, நோய் வராமல் காக்கும் அறிவை மக்களிடம் சேர்ப்பது மேலானது என்னும் எண்ணத்திற்கு இந்நூல் சான்றாக நிற்கிறது.

சொல் தேடிய நெறி

கலைச்சொல் இல்லாமல் அறிவியலைக் கற்பிக்க இயலாது. இதற்குக் கிரீன் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடினார். அது கிடைக்காதபோது வடசொல்லை நாடினார். அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப அமைத்துக்கொண்டார். வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் எனப் பெயரிட்டது இம்முறைக்கு எடுத்துக்காட்டு. அறுவை மருத்துவத்திற்கோ, மக்கள் நன்கறிந்த இரண வைத்தியம் என்னும் பெயரையே கொண்டார். மருத்துவக் கலைச்சொற்களைத் தொகுத்தும் வெளியிட்டார்.

இப்பணியில் அவர் தனித்து உழைக்கவில்லை. அவரிடம் பயின்ற யாழ்ப்பாணத் தமிழர் பலர் மொழிபெயர்ப்பில் துணைநின்றனர். மிஷன் பள்ளி வழக்கப்படி அமெரிக்கப் பெயர் பூண்ட டான்போர்த், சாப்மன் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்.

தமிழ்வழி மருத்துவக் கல்வி

அமெரிக்கா சென்று 1862இல் மீண்டும் வந்த கிரீன், மருத்துவ வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். அக்காலத்தில் ஆங்கிலம் அரசுப்பணிக்கு வாயில். ஆங்கிலத்தில் மருத்துவம் பயின்றோர் அப்பணிகளை நாடிச் சென்றனர். ஊர்மக்களுக்கு மருத்துவர் கிடைக்கவில்லை. எனவே, தம் மக்களோடு வாழ்ந்து தம் மொழியில் பேசும் மருத்துவர்களை உருவாக்க அவர் விரும்பினார். மேலைநாட்டு மருத்துவம் கற்பதற்காக உடை, உணவு, மொழி ஆகியவற்றைக் கைவிடத் தேவையில்லை என்பது அவர் கொள்கை. அவரிடம் பயின்ற மருத்துவர்கள் 60க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ்வழியில் பயின்றவர்கள்.

வகுப்பு தமிழுக்கு மாறியதால் நூல்களின் தேவை பெருகியது. இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகியன 1872இலும் வெளிவந்தன. இவற்றுள் மனுஷ அங்காதிபாதம், உலகப் புகழ்பெற்ற கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவியது.

கடல் கடந்தும் தொடர்ந்த பணி

உடல்நலம் குன்றியதால் கிரீன் 1873இல் தாயகம் திரும்பினார். ஆயினும் தமிழ்ப்பணி நிற்கவில்லை. கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளியாயின. 1884 மே 28இல் அவர் மறைந்தார். அதன்பின் 1888இல் இந்து பதார்த்த சாரம் வெளிவந்தது. தமிழருக்கு மருத்துவப் பணியாற்றியவர் என்னும் செய்தி, அவர் விரும்பியவாறே வூஸ்டரிலுள்ள அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. மானிப்பாயில் உள்ள கிரீன் நினைவு மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

கிரீனுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியாற்றியவர் ஜான் ஸ்கடர். அவர் 1836இல் சென்னைக்கு வந்தார். அவருடைய மைந்தர்கள் 1853இல் ஆற்காடு மிஷனை நிறுவி, ஆரணி உள்ளிட்ட வட ஆற்காட்டு ஊர்களில் பணியாற்றினர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர், ஜான் ஸ்கடரின் பெயர்த்தி ஆவார்.

நூல்கள் வாழ்வது எவ்வாறு?

கிரீனுக்குப்பின் மானிப்பாயின் தமிழ்வழி வகுப்பு நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1870இல் தொடங்கப்பட்ட கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் இயங்கியது. பயில்வோர் குறைந்தபோது அரிதின் முயன்று ஆக்கிய நூல்களும் பயன்பாட்டிலிருந்து விலகின. அவற்றில் குறை இருந்ததால் நேர்ந்ததன்று இது. அவற்றை ஏந்திப் படிக்கும் வகுப்பறை இல்லாமற் போனதால் நேர்ந்தது. ஒரு நூலை எழுதுபவர் அதற்கு உருவம் தருகிறார். படிப்பவரே அதற்கு ஆயுள் தருகின்றனர்.

அறிவியலைச் சொல்லும் ஆற்றல் தமிழுக்கு உண்டு என்பதைக் கிரீனும் அவர்தம் மாணவர்களும் ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே மெய்ப்பித்துவிட்டனர். தமிழில் வரும் அறிவியல், உடல்நல நூல்களை விரும்பிப் படிப்பதும், படித்ததை வீட்டாரோடும் ஊராரோடும் பகிர்வதும் அவர்கள் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாகும். அது நம் கையில் உள்ளது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி நூலகத்திலுள்ள இயற்கை, அறிவியல், உடல்நல நூல்களுள் ஒன்றைப் படித்து, அதன் கருத்துகளை வகுப்பறையில் எடுத்துரைக்க.
2. உயிரியல் பாடநூலிலிருந்து பத்துக் கலைச்சொற்களைத் தொகுத்து, அவை தமிழ்ச்சொல், வடசொல், ஆங்கில ஒலிபெயர்ப்பு ஆகியவற்றுள் எவ்வகையின என்பதைக் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.