துப்பறிந்தவரே எழுதிய கதைகள்



துப்பறியும் கதை என்றால் நம் ஹாஸ்டலில் கைமாறிக் கைமாறி அட்டையே கிழிந்துவிடும். ஆனால் அதை எழுதுகிறவர்களில் உண்மையிலேயே துப்பறிந்தவர்கள் எத்தனை பேர்? அப்படி ஒருவர்தான் அமெரிக்க எழுத்தாளர் டாஷியல் ஹாமெட்.

1894-இல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். பால்டிமோர் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். பெயர்தான் பாலிடெக்னிக், அது தொழில்நுட்பம் கற்றுத்தரும் உயர்நிலைப் பள்ளி. ஓராண்டு முடிவதற்குள் குடும்பத்துக்கு உதவப் படிப்பை விட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அதனால் இந்த இடத்தை என்னால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

ரயில்வே கம்பெனி உட்படப் பல இடங்களில் சின்னச் சின்ன வேலை பார்த்தார். 1915-இல் பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். ஒரு ஆளைப் பின்தொடர வேண்டும். எங்கே போனான், யாரைப் பார்த்தான் என்று அறிக்கை தர வேண்டும். வர்ணனைக்கு இடமே இல்லை. நம்ம லேப் ரெக்கார்டு மாதிரி, கண்டதை மட்டும் எழுதணும்!

1918-இல் ராணுவத்தில் சேர்ந்தபோது காசநோய் பிடித்தது. உடம்பு ஒத்துழைக்காததால் பிறகு துப்பறியும் வேலையையும் விட்டார். மனைவி, குழந்தையுடன் சான்பிரான்சிஸ்கோவில் பிழைக்க வேண்டுமே! கதை எழுதினார்.

டாக்டருக்குப் படித்த கோனன் டாயில், நோயைக் கண்டுபிடிப்பது போல் துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தார். ஹாமெட் 1923-இல் படைத்த துப்பறிவாளருக்கோ பெயரே கிடையாது. குட்டையான, குண்டான, நடுத்தர வயது ஆசாமி. மேதாவி இல்லை, சம்பளத்துக்கு உழைப்பவர். எழுத்தும் அந்தப் பழைய அறிக்கை போலவே சுருக்கம்.

பிங்கர்ட்டன் ஆட்களை முதலாளிகள் வேலைநிறுத்தங்களை உடைக்கவும் பயன்படுத்தினார்கள். 1929-இல் வந்த 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவலில், தொழிலாளர்களை ஒடுக்க சுரங்க முதலாளி கூட்டிவந்த ரவுடிகளே கடைசியில் ஊரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த உலகத்தை உள்ளே இருந்து பார்த்தவர் எழுதியது அது. அடுத்த ஆண்டே 'மால்டீஸ் ஃபால்கன்' வந்து பெரும்புகழ் தந்தது.

1951-இல், ஒரு ஜாமீன் நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் என்று நீதிமன்றம் கேட்டது. அவர் வாய் திறக்கவில்லை. சுமார் ஐந்து மாதம் சிறையில் இருந்தார். பிறரைப் பற்றித் தகவல் கொடுத்துச் சம்பளம் வாங்கிய அதே மனிதர்தான்! 1961-இல் காலமானார்.

நண்பர்களே, நாளை நாமும் ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிற்போம். கை வேலை செய்யட்டும். அந்த வேலை யாருக்காக, எதற்காக நடக்கிறது என்பதையும் நம் கண் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.