கிட்டியை எதிர்த்த வணிகர்

பேத்தமங்களா ஏரியின் சூழலில் வாழும் நம்மில் பலர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தங்கவயலுக்குப் பிழைப்புத் தேடி வந்தோரின் வழித்தோன்றல்கள். அந்நாடுகளில் முன்னொரு காலத்தில் கிட்டி என்ற சொல்லைக் கேட்டாலே உழவர் நடுங்கினர். இரு கோல்களுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது கிட்டி. கழுத்தையும் காலையும் பிணைத்து வெயிலில் குனிய வைப்பது அண்ணாந்தாள். வரி தண்டிய தாசில்தாரே காவலுக்கும் தலைவராயிருந்தமையால், வரி கட்டாதவனுக்கும் களவுப் பழி சுமந்தவனுக்கும் ஒரே கொடுமைதான் காத்திருந்தது.

இதனை உலகறியச் செய்தவர் கஜுல லட்சுமிநரசு செட்டியார். சென்னையில் துணியும் நீலச்சாயமும் விற்ற வணிகக் குடும்பத்தில் 1806-ஆம் ஆண்டு பிறந்தார். 1844-இல் கிரசண்ட் என்னும் இதழைத் தொடங்கினார். 1852-இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை நிறுவி, மக்களின் குறைகளை இலண்டன் பாராளுமன்றத்துக்கு மனுவாக அனுப்பினார். மறு ஆண்டு இங்கு வந்த டான்பி செய்மூர் என்ற பாராளுமன்ற உறுப்பினரைச் சிற்றூர்களுக்கு அழைத்துச் சென்று, துன்புற்றோரை நேரிற் காணச் செய்தார். 1854-இல் பாராளுமன்றத்தில் விவாதம் எழுந்தது. சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. நடந்தே வந்து முறையிட்ட ஏழைகள் பலர். 1855-இல் வெளிவந்த அறிக்கை, கொடுமை உண்மையே என ஒப்புக்கொண்டது.

விளைவு சிறிதன்று. 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணப் போலீஸ் துறை வருவாய்த் துறையினின்றும் பிரிந்தது. போலீசாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்துக்குச் சான்றாகாது என்ற விதி 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இடம்பெற்றது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் அவ்விதி நீடிக்கிறது.

பொதுத்தொண்டில் பெருஞ்செல்வத்தைக் கரைத்த செட்டியார், 1868-இல் வறியவராய் மறைந்தார்.

நாட்டைக் காப்பது அரசின் தலையாய கடமை; வெடிகுண்டு வைப்போரை விசாரித்தே ஆகவேண்டும். இதனை நாம் மறுக்கவில்லை. அக்காரணத்தால் 1987-ஆம் ஆண்டுத் தடாச் சட்டம், உயர் போலீஸ் அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்றது. 1995-இல் அது காலாவதியானது. ஆயினும் விரல் நெரிபடும்போது மனிதன் உண்மையைச் சொல்வதில்லை. வலி நிற்பதற்கு எது வேண்டுமோ அதனையே சொல்கிறான். நிரபராதி சிறை புகுந்தால், உண்மைக் குற்றவாளி வெளியே உலவுவான். அப்போது நாட்டுக்கு ஏது காவல்?

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் நம் நாடு கையொப்பமிட்டது. அதனை உறுதிசெய்யும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. செட்டியார் தொடங்கிய வேலை முடியவில்லை என்பதை நம் பிள்ளைகளுக்கும் உணர்த்துவோமாக.