கடைசி வரை மேடைப் பயத்தோடு வாசித்த இசைமேதை பாப்லோ காசல்ஸ்

மேடை ஏறும்போது கை நடுங்குவது, புதிதாக இசை கற்கும் பிள்ளைகளுக்கு மட்டுமே உள்ள சிக்கல் என்று பலர் நினைக்கிறோம். உலகப் புகழ்பெற்ற செல்லோ கலைஞர் பாப்லோ காசல்ஸுக்கோ அந்த நடுக்கம் வாழ்நாள் முழுதும் தீரவில்லை.

ஸ்பெயின் நாட்டின் காத்தலோனியா வட்டாரத்தில், எல் வென்ட்ரெல் என்ற சிற்றூரில் 1876 டிசம்பர் 29ஆம் தேதி அவர் பிறந்தார். தந்தை தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். வீட்டிலேயே பியானோவும் வயலினும் பழகிய காசல்ஸ், 11 வயதில் செல்லோவின் ஒலியைக் கேட்டதும் அதுவே தம் வாத்தியம் என்று முடிவு செய்தார். தாயார் பிலார் அவரைப் பார்சிலோனாவுக்கு அழைத்துச் சென்று இசைப் பள்ளியில் சேர்த்தார். ஒரு காபிக்கடையில் வாசித்துச் சம்பாதித்துக்கொண்டே அவர் படித்தார்.

13 வயதில், தந்தையுடன் சென்ற ஒரு பழைய கடையில் ஜெர்மானிய மேதை பாக் இயற்றிய ஆறு செல்லோ இசைத் தொகுப்புகள் அவர் கண்ணில் பட்டன. அன்று பலருக்கும் அவை வெறும் பயிற்சிப் பாடங்கள். காசல்ஸ் அவற்றை நாள்தோறும் பயின்றார். அவற்றில் ஒன்றைச் சபையில் வாசிக்கும் துணிவு வர 12 ஆண்டுகள் பிடித்தன.

1901இல் அமெரிக்கப் பயணத்தின்போது, சான் பிரான்சிஸ்கோ அருகே மலையில் உருண்டு வந்த கல் அவரது இடது கையை நசுக்கியது. இனி மேடை ஏற வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் முதலில் தோன்றியதாம். ஆனாலும் காயம் ஆறியதும் அவர் மீண்டும் செல்லோவைக் கையில் எடுத்தார்.

வியன்னாவில் நடந்த முதல் கச்சேரியில், பதற்றத்தில் வில் கைநழுவிப் பறந்து ரசிகர்கள் நடுவே விழுந்தது. அரங்கமே அமைதியாக இருக்க, அது கைமாறிக் கைமாறி அவரிடம் திரும்பி வந்தது. அந்த இடைவெளியில் அவர் மனம் அடங்கியது. விட்ட பகுதியைத் தடுமாறாமல் மீண்டும் வாசித்தார்.

பிற்காலத்தில் ஒவ்வொரு காலையும் பியானோவில் பாக் இசையை வாசித்தே நாளைத் தொடங்கினார். 1961இல், 84 வயதில், அமெரிக்க வெள்ளை மாளிகையில் அதிபர் கென்னடி முன்னிலையில் வாசித்தார். 1973 அக்டோபர் 22ஆம் தேதி, 96 வயதில் போர்ட்டோ ரிக்கோவில் காலமானார்.

முதல் மேடையில் பிள்ளை தடுமாறினால், இது உனக்குச் சரிப்படாது என்று சொல்லிவிடாதீர்கள். பயம் போன பிறகு காசல்ஸ் மேடை ஏறவில்லை. பயத்தோடுதான் ஏறினார், அன்றாடப் பயிற்சி அவரைத் தாங்கியது.