தலைக்கு 20 ரூபாய்

ஏழைப் பார்சி புரோகிதர் குடும்பமொன்றில் 1825 செப்டம்பர் 4இல் பிறந்தவர் தாதாபாய் நவுரோஜி. நான்கு வயதில் தந்தையை இழந்த அவரை, எழுதப் படிக்கத் தெரியாத தாய் மானெக்பாய் படிக்க வைத்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக உயர்ந்த அவர், 1855இல் வணிக நிறுவனமொன்றின் பங்காளியாக இங்கிலாந்து சென்றார். அடுத்த அரை நூற்றாண்டின் பெரும்பகுதி அவருக்கு அந்நிய மண்ணிலேயே கழிந்தது.

பிரித்தானிய ஆட்சியில் இந்தியா செழிக்கிறது என்று இலண்டனில் பலரும் நம்பிய காலம் அது. இல்லை என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். ஆனால் ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கேட்டால் சொல்ல எவரிடமும் கணக்கு இருக்கவில்லை. அந்தக் கணக்கைப் போடத் துணிந்தவர் நவுரோஜி.

அதற்கு அவர் எடுத்துக்கொண்டது அரசாங்கத்தின் சொந்த அறிக்கைகளை. 1867 முதல் 1870 வரையிலான ஆண்டுகளின் விளைச்சலை மாகாணம் மாகாணமாகக் கூட்டினார். அதிகாரிகள் பல இடங்களில் பெரிய மாவட்டத்தையும் சிறிய மாவட்டத்தையும் ஒரே எடையில் வைத்துச் சராசரி கண்டிருந்தார்கள். பயிரிட்ட நிலத்தின் அளவைக் கொண்டு அதைத் திருத்தினார். உப்பு, அபின், நிலக்கரி, கைத்தொழில் ஆகியவற்றையும் சேர்த்தார். மொத்தம் 34 கோடி பவுண். மக்கள் 17 கோடி. தலைக்கு 40 சிலிங், அதாவது ஆண்டுக்கு 20 ரூபாய்.

இந்த 20 ரூபாயில் ஒருவர் உயிர் வாழ முடியுமா? அதற்கும் அரசின் ஏடுகளையே புரட்டினார். சிறைக் கைதிகளின் உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவைப் பார்த்தார். கப்பலில் அனுப்பப்படும் கூலித் தொழிலாளருக்கு அரச மருத்துவ அதிகாரி விதித்திருந்த உணவு அளவையும் பார்த்தார். அப்படிக் கடல் கடந்த கூலிகளில் நம்மவர்களும் இருந்தார்கள். மொரிசியசிலும் நேட்டாலிலும் அவர்களின் சந்ததியினர் இன்றும் வாழ்கிறார்கள். குற்றவாளிக்கு அரசு கொடுக்கும் சோறுகூட, குற்றம் செய்யாத உழவனுக்குக் கிடைக்கவில்லை என்பது ஏடுகளிலிருந்தே வெளிப்பட்டது.

1876இல் பம்பாயில் இந்த ஆய்வை வாசித்தார். கணக்கு பிழையென்றால் சரியான கணக்கை அரசே வெளியிடட்டும் என்பது அவர் வாதம். 1882இல் நிதிப் பொறுப்பிலிருந்த பேரிங் அரசின் மதிப்பீட்டைச் சொன்னார்: தலைக்கு 27 ரூபாய். மறுப்பாக வந்த எண்ணும் வறுமையையே ஒப்புக்கொண்டது.

1888இல் பிரதமர் சாலிஸ்பரி பொதுமேடையில் நவுரோஜியின் நிறத்தை இகழ்ந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, மத்திய பின்ஸ்பரித் தொகுதி வாக்காளர்கள் 5 வாக்கு வித்தியாசத்தில் அவரைப் பாராளுமன்றம் அனுப்பினார்கள். அடுத்த தேர்தலில் தோற்றாலும் அவர் ஓயவில்லை. இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் எப்படி வெளியேறுகிறது என்ற கணக்குகளை 1901இல் நூலாக்கினார். 1906இல், 81 வயதில், கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை தாங்கிச் சுயராஜ்யம் கேட்டார். 1917 ஜூன் 30இல் பம்பாயில் மறைந்தார்.

அவருடைய 20 ரூபாய்க் கணக்கில் குறை கண்ட ஆய்வாளர்கள் பின்னர் வந்தார்கள். ஆனால் இந்தியாவின் தேசிய வருமானத்தை எவர் அளக்க வந்தாலும் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் வளரும் நாட்டின் நூலகத்தில் ஊரைப் பற்றிய கோப்புகள் இருந்தால், அவற்றை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லலாம். நவுரோஜி தொடங்கியதும் அங்கிருந்துதான்.