குன்றத்தூர்ச் சேக்கிழார் பெருமானும் நம் வமிசாவளியும்

தொண்டைநாட்டில் வாழ்ந்த நம் முன்னோர் தம் ஊரையும் குடியையும் தம் பெயரோடு சேர்த்தே வழங்கினர். அதனால் எத்தலைமுறையிற் பிறந்தவனும் தன் வேர் இன்னதென அறிந்திருந்தான். இந்நாளிலோ பாட்டனார்க்குத் தந்தை பெயர் யாதென வினவினால், நம் இளைஞரிற் பலர் விடை கூற இயலாது விழிக்கின்றனர். இந்நிலையில், நம் பகுதியிலேயே தோன்றி, பிறர் வரலாறுகளைத் திரட்டித் தருவதையே பெரும்பணியாகக் கொண்ட ஒருவரின் சரிதத்தை நினைவுகூர்தல் நமக்குப் பெரிதும் பயன்றரும். அவரே சேக்கிழார் பெருமான்.

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் சென்று, அங்கிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாக வடமேற்கே சென்றால் குன்றத்தூரை அடையலாம். முருகவேள் கோயில் கொண்ட குன்றினை உடைமையால் அவ்வூர் அப்பெயர் பெற்றது. தொண்டைநாட்டின் 24 கோட்டங்களுள் ஒன்றாகிய புலியூர்க் கோட்டத்தில் அஃது அடங்கியிருந்தது. அங்கே வேளாளர் மரபிற் சேக்கிழார் குடியில் அவர் பிறந்தார். அவர்க்கு இட்ட பெயர் அருண்மொழித்தேவர் என்பது. ஆயினும் உலகம் அவரைக் குடிப்பெயராலேயே அறிகின்றது. ஒரு குடி முழுவதற்கும் உரிய பெயர், அதிற் பிறந்த ஒருவரது புகழால் அவர்க்கே உரியதாயிற்று.

கல்வியிலும் ஒழுக்கத்திலும் சிறந்து விளங்கிய அருண்மொழித்தேவரை அநபாய சோழ மன்னன் தன் முதலமைச்சராக அமர்த்தி, உத்தமசோழப் பல்லவராயன் என்ற பட்டமும் அளித்தான். கி. பி. 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கனே அம்மன்னன் என்பது அறிஞர் பலரும் கொண்ட முடிபு. அம்மன்னன் சீவகசிந்தாமணியின் சுவையிலே மனம் பறிகொடுத்திருந்தான் என்றும், அமைச்சர் அவனுக்குச் சிவனடியார் வரலாறுகளை எடுத்துரைத்தார் என்றும், அவற்றைக் கேட்டு உருகிய மன்னன் அவற்றை ஒரு காப்பியமாக்கித் தருமாறு வேண்டினான் என்றும் சேக்கிழார் புராணம் கூறும்.

அவ்வேண்டுகோளை ஏற்றுச் சேக்கிழார் தில்லைக்குச் சென்றார். இறைவனே முதலடி எடுத்துக் கொடுத்தான் என்பது மரபு. ஆயிரக்கால் மண்டபத்தில் அமர்ந்து அவர் பாடி முடித்த நூலே திருத்தொண்டர் புராணம்; அதனைப் பெரியபுராணம் என்பர். சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அதன் விரிவுரை அடுத்த ஆண்டுச் சித்திரைத் திருவாதிரையில் நிறைவெய்தியது. மன்னன் நூலையும் ஆசிரியரையும் யானைமீது ஏற்றி, தானும் உடன் அமர்ந்து கவரி வீசினான் என்பர். அந்நூல் பன்னிரண்டாந் திருமுறையாயிற்று.

நிற்க. அவர் இவ்வரலாறுகளை எங்ஙனம் திரட்டினார் என்பதே ஈண்டு நாம் ஊன்றி நோக்கத்தக்கது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாரூரில் அருளிய திருத்தொண்டத்தொகை பதினொரு பாடல்களே உடையது. அதில் அடியார் பெயர்கள் அமைந்துள்ளன. நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் அதனைச் சிறிது விரித்தார். இவ்விரண்டனையும் அடியாகக் கொண்டு, 63 தனியடியாரையும் 9 தொகையடியாரையும் நாலாயிரத்து இருநூற்றுக்கு மேற்பட்ட பாடல்களிற் சேக்கிழார் பாடினார். ஊர், நாடு, மரபு, தொழில், செய்த தொண்டு என ஒழுங்குபடக் கூறுதல் அவர் முறை.

நமக்கு அண்மையிலுள்ள ஊர்களையே எடுத்துக்கொள்வோம். திருவொற்றியூர்க் கலியர், திருவேற்காட்டு மூர்க்கர், திருநின்றவூர்ப் பூசலார், மயிலை வாயிலார் ஆகியோர் வரலாறுகள் அதில் உள்ளன. இவர்களுள் வாயிலாரைப் பற்றிக் கூறும் பாடல்கள் மிகச் சிலவே. மயிலையின் கடல்வளத்தையும் மாடவீதிகளையும் அழகுறப் பாடிய சேக்கிழார், அடியாரைப் பற்றி அவர் மனத்தினுள்ளே கோயில் எடுத்து வழிபட்டதனை மட்டும் கூறி முடித்தார். போர்ச்செயலோ அற்புதமோ ஒன்றைப் படைத்து அங்கே சேர்த்தாரிலர்.

இன்னொன்று. முதலமைச்சராய் வீற்றிருந்தவர் தம் குடியின் பெருமையைப் பாடப் புகவில்லை. குயவர், வண்ணார், வேடர், பரதவர், எண்ணெய் வாணிகர், பாணர், புலையர் எனப் பல மரபினரையும் அந்தணரோடும் அரசரோடும் ஒருங்கே வைத்துப் போற்றினார். காரைக்கால் அம்மையாரும், மங்கையர்க்கரசியாரும், இசைஞானியாரும் அவர் நூலில் இடம்பெற்றனர்.

நூல் நிறைவெய்திய பின் சேக்கிழார் மீண்டும் அமைச்சு பூணவில்லை. அப்பொறுப்பு அவர் தம்பியார் பாலறாவாயர்பாற் சென்றது. சோழநாட்டுத் திருநாகேச்சுரத்தில் தாம் கொண்ட அன்பினால் அப்பெயராலேயே குன்றத்தூரில் ஒரு கோயிலை அவர் முன்னரே எடுப்பித்திருந்தார்; அஃது இன்றும் வழிபாட்டில் உள்ளது. தில்லையில் தங்கித் தவமியற்றி அவர் இறைவனடி சேர்ந்தார். வைகாசிப் பூசம் அவர் குருபூசை நாள்.

பிறர் வரலாறுகளை இத்துணை விரிவாய் எழுதியவர் தம் வரலாற்றை எழுதிவைத்தாரிலர். அவரைப் பற்றி நாம் அறிவனவெல்லாம், உமாபதி சிவாசாரியார் இயற்றியதென வழங்கும் சேக்கிழார் புராணத்தாலும், சேக்கிழார் குடியினரைக் குறிக்கும் சோழர்காலக் கல்வெட்டுகளாலுமே தெரியவருகின்றன. ஒருவர் ஏட்டில் எழுதாவிடின், ஒருவர் கல்லில் வெட்டாவிடின், குன்றத்தூர்க்காரர் ஒருவர் இதனைச் செய்தார் என்பதே நமக்குத் தெரியாமற் போயிருக்கும்.

இப்போது நம் நிலையை எண்ணுவோம். பம்மலும் அனகாபுத்தூரும் பல்லாவரமும் 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியில் அடங்கின. வயல்கள் மனைகளாயின, பழைய வீடுகள் அடுக்குமாடிகளாயின. வீடு இடிக்கும்போது பரண்மேல் இருந்த ஓலைச்சுவடியும் பாகப்பத்திரமும் ஜாதகக் கட்டும் குப்பையோடு போகின்றன. அவற்றைப் படித்துப் பொருள் சொல்லத்தக்க முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆதலின், அன்பர்கள் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்து முதியோரை அணுகி, அவர் கூறும் பெயர்களையும் ஊர்களையும் நிகழ்ச்சிகளையும் எழுதிவைத்தல் வேண்டும். நம்மவர் வரைந்த வமிசாவளிகள் சிலவற்றை யான் கண்டிருக்கிறேன். அவற்றில் ஆண்மக்கள் பெயரே நிரம்பியிருக்கும். தாயும் பாட்டியும் பெயரின்றி நிற்பர். கேட்டறியாத பட்டங்களும் அரச உறவுகளும் மட்டும் இடையே முளைத்திருக்கும். இவ்விரு குற்றமும் நீங்குக. பெண்மக்கள் பெயரையும் எழுதுக. தெரிந்ததனைத் தெரிந்தவாறே எழுதுக; தெரியாத இடத்தை வெறுமையாக விடுக. வாயிலார்க்குச் சில பாடல்களே போதுமெனச் சேக்கிழார் அமைந்தாரன்றோ! நம் பாட்டனார்க்கு உண்மையான இரண்டு வரி கிடைப்பினும் அது போதும்.