செண்பகராமன் என்றொரு இன்ஜினியர்

நம் கிண்டி கல்லூரியை விட்டு சர்தார் பட்டேல் ரோட்டைத் தாண்டினால் காந்தி மண்டபம். அங்கே 2008-ல் வைத்த செண்பகராமன் பிள்ளை சிலை இருக்கிறது. நாலு வருஷம் படித்துவிட்டு அதைப் பார்க்காமலே போகிற மாணவர்கள்தான் அதிகம். அவரும் நம்ம ஜாதிதான், அதாவது இன்ஜினியர் ஜாதி!

1891-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். அப்பா சின்னசாமிப் பிள்ளை, அம்மா நாகம்மாள், நாஞ்சில் நாட்டுக்காரர்கள். அப்பாவுக்குப் போலீஸ் உத்தியோகம். பிள்ளையோ பள்ளிக்கூடத்திலேயே வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பேச ஆரம்பித்துவிட்டான். அந்த ஊருக்குச் செடி கொடி ஆராய வந்து போய்க்கொண்டிருந்த வால்டர் ஸ்ட்ரிக்லாண்ட் என்ற ஆங்கிலேயர், தன் சர்க்காரையே பிடிக்காத மனிதர், கூட வருகிறாயா என்று கேட்டார். 1908-ல் கப்பல் ஏறிவிட்டார். வயசு 17. கூடப் போன உறவுக்காரப் பையன் பத்மநாப பிள்ளை கொழும்பிலேயே இறங்கி வீடு திரும்பிவிட்டான். இவர் இறங்கவில்லை.

இன்றைக்கு நம் பிள்ளைகள் ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கக் கிளம்பினால் மீனம்பாக்கத்தில் குடும்பமே வந்து நிற்கும். போலீஸ்காரர் வீட்டுப் பையன் இந்தக் காரியத்துக்குக் கிளம்ப எந்த அப்பா மனசார சம்மதிப்பார்? கொழும்பில் இறங்கிய பையனைக் கோழை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த வீட்டில் ஒரு அம்மாவுக்காவது பிள்ளை திரும்பக் கிடைத்தான்.

ஐரோப்பாவில் பள்ளிப்படிப்பை முடித்து இன்ஜினியரிங் டிப்ளமா வாங்கினார். 1914-ல் உலகப் போர் மூண்டதும் ஸூரிச்சில் இந்திய ஆதரவுக் கமிட்டி ஒன்றைத் தொடங்கினார். பிறகு பெர்லின் போய், அங்கே ஜெர்மன் சர்க்கார் உதவியோடு இயங்கிய இந்தியப் புரட்சிக்காரர்களோடு சேர்ந்தார்.

அதே 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கியது. பர்மா ஆயில் கம்பெனி டாங்குகள் பற்றி எரிந்தன. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். நம் கல்லூரி கிண்டிக்கு வந்தது 1920-ல்தான். அப்போது சேப்பாக்கத்தில் கடற்கரை ஓரமாக இருந்தது. நமக்கு முந்தின மாணவர்கள் காதில் அந்தச் சத்தம் விழாமலா இருந்திருக்கும்? "சரியான எம்டன்டா அவன்" என்று இன்னமும் சொல்கிறோமே, அது அப்போது வந்ததுதான்.

அந்தக் கப்பலில் செண்பகராமன் இருந்தார் என்று மேடையில் பேசுவார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. எம்டன் சீனாவின் சிங்தாவோ துறைமுகத்திலிருந்து கிளம்பியது; இவர் அந்த மாதம் ஸூரிச்சில் கமிட்டி வேலையில் இருந்தார். கணக்கு உதைக்கிறது. சிலைக்கு அந்தக் கதை தேவையும் இல்லை.

போரில் ஜெர்மனி தோற்ற பிறகும் பெர்லினிலேயே இருந்தார். இந்தியர்களை ஹிட்லர் இளக்காரமாகப் பேசியபோது எதிர்த்துக் கேட்டார். 1934 மே மாதம் அங்கேயே இறந்தார். வயசு 42.

தன் சாம்பலில் ஒரு பகுதியை, அம்மாவின் அஸ்தி கரைந்த கரமனை ஆற்றிலும் மீதியை நாஞ்சில் நாட்டு வயல்களிலும் போட வேண்டும் என்பது அவர் ஆசை. மனைவி லட்சுமிபாய் அந்தச் சாம்பலை முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தார். 1966-ல் ஐ.என்.எஸ். டெல்லி என்ற நம் கடற்படைக் கப்பல் அதைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. வீட்டைவிட்டுப் போன பையன் 58 வருஷம் கழித்துக் கரமனை ஆற்றில் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தார்.