பெட்டிக்குள் தூங்கிய படம்

1926-ம் ஆண்டு ஒரு நாள். லண்டன் நகரத் தெருக்களில் ஒரு வாலிபரும் ஒரு பெண்ணும் நடந்துகொண்டிருந்தார்கள். எங்கே போகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. கால் போன போக்கில் நடந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அதே நேரத்தில் ஒரு கொட்டகையில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை எடுத்தவர் அந்த வாலிபர்தான். படத்தை ஊர் ஊராக அனுப்ப வேண்டிய வினியோகஸ்தர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சரி என்றால் படம் வெளிவரும். வேண்டாம் என்றால் பெட்டிக்குள் போய்விடும். படத்தோடு அவருடைய பிழைப்பும் போய்விடும்.

அந்த முடிவுக்காக அருகில் காத்திருக்க அவருக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் தெருவில் நடந்தார். கூட நடந்த பெண், அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மணமகள்.

கடைசியில் ஒரு டாக்சி பிடித்து இருவரும் ஸ்டூடியோவுக்குத் திரும்பினார்கள். நல்ல செய்தி காத்திருக்கும் என்று நம்பினார்கள். ஆனால் கிடைத்த செய்தி வேறு. படம் மோசம். வெளியிட முடியாது!

அந்த வாலிபர் பெயர் ஆல்பிரட் ஹிட்ச்காக். பிற்காலத்தில் மர்மப் படங்களின் மன்னர் என்று உலகமே போற்றியவர். அன்று பெட்டிக்குள் போன படம் எப்படி வெளியே வந்தது? அதுதான் இந்தக் கதை.

காய்கறிக் கடைக்காரர் மகன்

லண்டனுக்குக் கிழக்கே லெய்டன்ஸ்டோன் என்ற ஊர். அங்கே வில்லியம் ஹிட்ச்காக் என்பவர் காய்கறிக் கடை வைத்திருந்தார். 1899-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி அவருக்கு மூன்றாவது குழந்தை பிறந்தது. அதுதான் ஆல்பிரட்.

சிறு வயதில் நடந்த ஒரு சம்பவத்தை ஹிட்ச்காக் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். பையன் ஏதோ குறும்பு செய்துவிட்டான். தந்தை ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, அதைப் போலீஸ் நிலையத்தில் கொடுக்கும்படி அனுப்பினார். போலீஸ்காரர் சீட்டைப் படித்தார். பையனை லாக்கப்பில் தள்ளிக் கதவைப் பூட்டினார். சில நிமிடம் கழித்துத் திறந்து விட்டார். குறும்பு செய்கிற பையன்களுக்கு இதுதான் தண்டனை என்று சொல்லி அனுப்பினார்.

சில நிமிடம்தான். ஆனால் அந்தப் பயம் போகவே இல்லை. குற்றம் செய்யாத ஒருவன் மாட்டிக்கொண்டு தவிப்பான். அவர் எடுத்த படங்களில் இந்தக் கதை திரும்பத் திரும்ப வரும்.

1914-ம் ஆண்டு தந்தை இறந்துவிட்டார். ஆல்பிரடுக்கு அப்போது வயது 15. தந்திக் கம்பி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். படம் வரையும் திறமை இருந்ததால் விளம்பரப் பகுதிக்கு மாற்றினார்கள்.

பேசாத சினிமா

அந்தச் சமயத்தில் அமெரிக்க சினிமாக் கம்பெனி ஒன்று லண்டனில் இஸ்லிங்டன் என்ற இடத்தில் ஸ்டூடியோ திறந்தது. ஹிட்ச்காக் அங்கே போய் வேலை கேட்டார். கிடைத்தது.

என்ன வேலை தெரியுமா? அட்டையில் எழுதுகிற வேலை!

அப்போது சினிமா பேசாது. எல்லாம் ஊமைப்படம். நடிகர் வாயை அசைப்பார். உடனே அவர் பேசியதை ஓர் அட்டையில் எழுதித் திரையில் காட்டுவார்கள். ஜனங்கள் அதைப் படித்துக் கதையைப் புரிந்துகொள்வார்கள். அந்த எழுத்து அட்டைகளை அழகாகப் படம் போட்டு எழுதிக் கொடுப்பதுதான் ஹிட்ச்காக்கின் வேலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் தலைவிதியையே மாற்றியது இந்த அட்டைதான்.

அந்த ஸ்டூடியோவில் ஆல்மா ரெவில் என்ற பெண் வேலை பார்த்தார். 16 வயதிலேயே சினிமாவுக்கு வந்தவர். படத்தை வெட்டி ஒட்டும் எடிட்டிங் வேலையில் கெட்டிக்காரி. ஹிட்ச்காக் பிறந்த மறுநாள் பிறந்தவர். ஆனால் தொழிலில் அவரைவிட மேலே இருந்தார். அதனால் அவரிடம் பேசவே ஹிட்ச்காக்குக்குக் கூச்சம். தனக்கும் உதவி டைரக்டர் வேலை கிடைத்த பிறகுதான் பேசினார்!

ஜெர்மனியில் வேலையை முடித்துக்கொண்டு ஒரு தடவை இருவரும் கப்பலில் திரும்பினார்கள். புயலில் கப்பல் ஆடியது. ஆல்மா தலை சுற்றிப் படுத்துக் கிடந்தார். அந்த நேரம் பார்த்து ஹிட்ச்காக் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளும்படி கேட்டார். ஆல்மாவால் வாய் திறக்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். சம்மதம்!

ஜெர்மனியில் அவர் கற்ற பாடம் ஒன்று உண்டு. அங்கே மூர்னோ என்ற பெரிய டைரக்டர் படம் எடுப்பதை அருகில் நின்று பார்த்தார். அந்தப் படத்தில் ஒரே ஓர் இடம் தவிர எழுத்து அட்டையே கிடையாது. கதை முழுவதையும் படமே சொன்னது.

இரண்டும் முடங்கின

மைக்கேல் பால்கன் என்ற பட அதிபர் ஹிட்ச்காக்கை டைரக்டராக உயர்த்தினார். 1925-ம் ஆண்டில் இரண்டு படங்களை எடுக்கும் பொறுப்பு கிடைத்தது. ஆனால் வினியோகஸ்தர் சி. எம். உல்ப் என்பவருக்கு இரண்டும் பிடிக்கவில்லை. ஜனங்களுக்குப் புரியாது என்று ஒதுக்கி வைத்துவிட்டார்.

மூன்றாவது படம்தான் ‘தி லாட்ஜர்’. வாடகைக்கு வந்து தங்கியவர் என்று பொருள். இதுவும் முடங்கினால் ஹிட்ச்காக்கை நம்பி யார் பணம் போடுவார்கள்?

1888-ம் ஆண்டு லண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் பல பெண்கள் கொலை செய்யப்பட்டார்கள். கொலைகாரன் அகப்படவே இல்லை. அதை வைத்து மேரி பெல்லாக் லவுண்டஸ் என்ற அம்மையார் 1913-ல் ஒரு நாவல் எழுதினார். அதுதான் படத்தின் கதை.

லண்டனில் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பெண் கொலை செய்யப்படுகிறாள். எல்லோரும் பொன்னிறக் கூந்தல் உள்ள பெண்கள். பனி மூடிய ஓர் இரவில், கழுத்துத் துணியால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு ஓர் இளைஞன் ஒரு வீட்டுக்கு வந்து அறை கேட்கிறான். அறையில் பொன்னிறக் கூந்தல் பெண்களின் படங்கள் மாட்டியிருக்கின்றன. அவற்றைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரரின் மகளுக்கும் கூந்தல் பொன்னிறம்! அவளை மணக்க விரும்பும் போலீஸ்காரனுக்கு அவன் மேல் சந்தேகம் பிறக்கிறது.

அவன்தான் கொலைகாரனா? பெற்றோர் பயந்து நடுங்குகிறார்கள். மகளோ அவனை நேசிக்கிறாள்.

அந்த வேடத்தில் நடித்தவர் ஐவர் நொவெல்லோ. இங்கிலாந்துப் பெண்கள் எல்லோருக்கும் பிடித்த நடிகர். கடைசி வரை சந்தேகத்தைத் தீர்க்காமல் விடவே ஹிட்ச்காக் விரும்பினார். ஆனால் நொவெல்லோவைக் கொலைகாரனாகக் காட்டினால் ஜனங்கள் சகிப்பார்களா? ஆகவே கதை மாறியது. கொலையுண்ட ஒரு பெண்ணின் அண்ணன் அவன். கொலைகாரனைத் தேடி வந்தவன் என்று ஆயிற்று. கைவிலங்கோடு அவன் ஓடுவதும், வெறி பிடித்த கூட்டம் துரத்துவதும், விலங்கு கம்பி வேலியில் மாட்டி அவன் தொங்குவதும் பார்ப்பவர் நெஞ்சைப் பதற வைக்கும் கட்டம்.

மாடியில் அவன் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான். கீழே இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்க வேண்டும். ஊமைப்படத்தில் சத்தம் ஏது? ஹிட்ச்காக் ஒரு யோசனை செய்தார். தடித்த கண்ணாடியால் ஒரு தரை போட்டார். அதன் மேல் நொவெல்லோவை நடக்கவிட்டு, கீழே இருந்து படம் பிடித்தார். கூரையில் விளக்கு ஆடுகிறது. கூரை மறைந்து நடக்கும் கால்கள் தெரிகின்றன. காதில் கேட்க வேண்டியதைக் கண்ணில் காட்டிவிட்டார்!

ஒரு காட்சிக்கு ஆள் குறைந்தது. ஹிட்ச்காக் தானே பத்திரிகை ஆபீஸ் காட்சியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பிற்காலத்தில் தம் படங்களில் ஒரு கணம் தலைகாட்டுவது அவர் வழக்கமாகவே ஆகிவிட்டது.

வந்தார் இளைஞர்

இவ்வளவு பாடுபட்ட படத்தைத்தான் உல்ப் வேண்டாம் என்று தள்ளினார். கொட்டகைகளில் செய்திருந்த ஏற்பாடுகள் ரத்தாயின. படப் பெட்டி மூலைக்குப் போயிற்று.

பட அதிபர் பால்கனுக்கு மனம் கேட்கவில்லை. போட்ட பணமும் முடங்கிக் கிடந்தது. ஐவர் மாண்டகு என்பவரை அழைத்துப் படத்தைச் சரி செய்யச் சொன்னார். மாண்டகுவுக்கு வயது 22. ஹிட்ச்காக்கைவிட இளையவர். நல்ல படங்களைத் திரையிட லண்டனில் ஒரு சங்கம் அமைத்தவர்.

தம் படத்தைத் திருத்த ஒரு சின்னப் பையனா என்று ஹிட்ச்காக் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அவரோடு உட்கார்ந்து வேலை செய்தார்.

மாண்டகு படத்தைப் பார்த்தார். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. சொன்ன குறைகள் சிலதான். சில காட்சிகளை மறுபடி எடுக்க வேண்டும். எழுத்து அட்டைகள் மிக அதிகம். அவற்றை எடுத்துவிட வேண்டும்.

நூற்றுக்கணக்கில் இருந்த அட்டைகள் சுமார் 80 ஆகக் குறைந்தன. மிஞ்சியவற்றுக்கு மக்நைட் காபர் என்ற ஓவியர் புதிதாகப் படம் வரைந்தார். அட்டை எழுதிப் பிழைக்க வந்தவரின் படத்தை, அட்டைகளை நீக்கியே காப்பாற்றினார்கள்! பேச்சு குறைந்தது; படம் பேசத் தொடங்கியது.

1926 செப்டம்பரில் பத்திரிகைக்காரர்களுக்கும் கொட்டகைக்காரர்களுக்கும் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அதுவரை வந்த பிரிட்டிஷ் படங்களில் தலைசிறந்தது இதுவாக இருக்கலாம் என்று பாராட்டு வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி ஹிட்ச்காக்குக்கும் ஆல்மாவுக்கும் கல்யாணம் நடந்தது. 1927 பிப்ரவரியில் படம் ஜனங்களுக்கு வெளியாயிற்று. பெரும் வெற்றி! மூலையில் கிடந்த முந்திய இரண்டு படங்களும் அதே ஆண்டில் வெளிவந்தன.

நான்கு பேர்

அதன் பின் ஹிட்ச்காக் திரும்பிப் பார்க்கவில்லை. 1929-ல் பேசும் படம் எடுத்தார். 1939-ல் அமெரிக்கா போனார். 1960-ல் அவர் எடுத்த ‘சைக்கோ’ உலகையே அலற வைத்தது.

1979-ல் அமெரிக்காவில் அவருக்குப் பெரிய பாராட்டு விழா நடந்தது. தமக்கு அன்பும் ஊக்கமும் கொடுத்த நான்கு பேருக்கு மட்டும் நன்றி சொல்ல விரும்புவதாக அவர் கூறினார். ஒருவர் எடிட்டர். ஒருவர் கதை எழுதியவர். ஒருவர் தம் மகளின் தாய். ஒருவர் அருமையாகச் சமைப்பவர். நான்கு பேரும் ஆல்மாதான்!

1980 ஏப்ரல் 29-ந் தேதி, 80 வயதில் ஹிட்ச்காக் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஆல்மாவும் மறைந்தார்.

மூலையில் கிடந்த முந்திய படங்களில் ‘தி மவுண்டன் ஈகிள்’ என்பதற்கு இன்று ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. ‘தி லாட்ஜர்’ பிழைத்தது. 2012-ல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் பழைய பிலிமைச் சுத்தம் செய்து புதுப்பித்தது. இந்தியப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த நிதின் சாவ்னி அதற்குப் புதிய இசை அமைத்தார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் தெருவில் நடந்து, மனம் உடைந்து திரும்பிய அந்த இருவரின் படம், பெட்டியை விட்டு வெளியே வந்து இன்றும் ஓடுகிறது.